கருப்பன் வளைவில் இரண்டு நிமிடம்

அனுமந்தன்பட்டி சின்னக்கருப்புக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருடம் கழித்துத்தான் தினமும் இரவுச் சோறு வீட்டில் என்று ஆனது. வீட்டில் சோறு இல்லாமல் இல்லை. அவர்தான் வீட்டில் இல்லை. கம்பத்துத் திராட்சையை ஏற்றிக்கொண்டு பெங்களூர், வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு கொச்சி என்று அடுத்தவர் லாரிகளில் சம்பள டிரைவராக ஓடினார். மாதத்தில் நான்கு இரவு ஊரில் தங்கினால் அதிகம். மகள் நதியா மூன்று வயதில் ஒருநாள் வாசலில் வந்து நின்ற அவரைப் பார்த்துவிட்டு, "அம்மா, யாரோ மாமா வந்திருக்காக" என்று உள்ளே போய்ச் சொன்னாள். நதியா இப்போது மதுரையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறாள். அந்தக் கதையை மனைவி மலையம்மாள் இன்னமும் சொல்லிக்காட்டுவாள். சண்டைக்காக அல்ல. உப்பு டப்பாவை எடுத்துத் தரச் சொல்வதுபோலப் பேச்சோடு பேச்சாகச் சொல்வாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் சின்னக்கருப்பு சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கினார். டர்போ இல்லாத பழைய ஆறு சிலிண்டர் என்ஜின். மேகமலையில் ஒரு எஸ்டேட்டுக்கு லோடு அடிக்கும் வேலை கிடைத்தது. காலையில் சின்னமனூரில் அரிசியும் பருப்பும் உரமும் ஏற்றி மேலே போவார். மேலிருந்து தேயிலை மூட்டைகளோடு இறங்குவார். மாலை ஏழு மணிக்கு வீடு. குளித்துவிட்டு ஏழரைக்குத் தட்டின் முன்னால் உட்காருவார். ஏழு வருடமாக இதில் மாற்றமில்லை. மலையம்மாளுக்கு இதைவிடப் பெரிய ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தாலும் சொல்லவில்லை.

போன வருடம் தை மாதம் வண்டித் தகுதிக்கான எஃப்.சி. சான்று வாங்கப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் பார்த்தார். சேஸிஸில் இரண்டு இடத்தில் விரிசல். ஒட்ட வைத்து ஓட்டுகிற விரிசல் இல்லை. "இத மலையில ஓட்டுறது நீங்களா? உங்களுக்குக் கும்பிடு போடணும்யா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

எஸ்டேட்டில் ஸ்டோர் பார்க்கும் மலையாளி சசிதரன் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் வேலை நடக்க வேண்டும்.

"கருப்பேட்டா, ஒண்ணாந்தேதி வண்டி இங்க நிக்கணும். இல்லெங்கில் உத்தமபாளையம் பார்ட்டி ரெடியா உண்டு. எனக்கும் மேல ஆளு இருக்கில்லே?"

இதற்கு மறுநாளே பலவேசம் போன் செய்தார். சின்னக்கருப்பு பதினோரு வருடம் சம்பளத்துக்கு ஓட்டியது அவருடைய லாரிகளைத்தான்.

"ஏலே கருப்பு, கேள்விப்பட்டேன். கவலைய விடு. பெங்களூர் லைனுக்குப் புது வண்டி எடுத்திருக்கேன். ஏசி கேபினு. சீட்டு ஒனக்காகத்தான் காலியாக் கெடக்கு. வந்து உக்காரு."

போனை வைத்தபிறகு சின்னக்கருப்பு அதை வீட்டில் சொன்னார். மலையம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏசியாம்ல" என்றாள். "நல்லாக் குளுகுளுன்னு இருக்கும். நம்ம மக கல்யாணத்துக்கு வந்தீகன்னா சொல்லுங்க, நாலு பேருக்கு அறிமுகப்படுத்தி வைக்கிறேன்."

ஒண்ணாந்தேதிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. விற்பனைக்கு இரண்டு வண்டிகள் அகப்பட்டன.

ஒன்று, போடிப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் ஓடிய லாரி. பழைய ஆறு சிலிண்டர். வயதான வண்டி என்றாலும் கிலோமீட்டர் குறைவு. தேனியில் வண்டி புரோக்கர் சுந்தரலிங்கத்தின் காலிமனையில் நின்றது. சாவியைத் திருப்பியதும் சின்னக்கருப்பின் முகத்தில் ஏற்பட்ட மாற்றத்தைச் சுந்தரலிங்கம் கவனித்துவிட்டார். அதற்குப்பிறகு விலை இறங்கவில்லை.

இன்னொன்று, தேனியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஸ்டான்லி அண்ணாச்சியின் வண்டி. சின்ன நாலு சிலிண்டர், டர்போ. அளவில் கையடக்கமான லாரி. ஆறு வருடமாக மேகமலைக் கடைகளுக்குச் சாமான் கொண்டுபோய், மிளகும் ஏலக்காயும் வாங்கி வந்த வண்டி. வேலைக்கு ஆள் போடாமல் அண்ணாச்சியே ஓட்டினார். இப்போது முழங்கால் மடங்கவில்லை, கிளட்ச் மிதிக்க முடியவில்லை, அதனால் விற்கிறார்.

சின்னக்கருப்பு முதலில் டர்போ பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. காரணம், சின்னமனூர் வைகுண்டராஜ் பட்டறையின் சுவர்.

அந்தச் சுவரில் மூன்று ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் நத்தைக்கூடு போன்ற ஒரு கரிபிடித்த இரும்பு தொங்கும். மூன்றும் செத்துப்போன டர்போக்கள். பட்டறைக்கு வருகிற எல்லோருக்கும் வைகுண்டராஜ் அவற்றைக் காட்டிவிடுவார்.

"இது முத்துராஜா வண்டியோடது. பதினோரு மாசம். இது கோம்பைக்காரரோடது. ஒரு வருசம். இந்தா இது விஷால் பய வண்டி, எட்டே மாசம். மூணும் மேகமலை ஏறுன வண்டி. டர்போ தரையில ஓடட்டும், எனக்கு ஒண்ணும் விரோதமில்ல. மலைக்கு ஆகாது."

"அப்படி என்னதான்ணே பண்ணுது அது?" என்று மலையம்மாள் கேட்டாள். வண்டி பார்க்கும் விஷயத்தில் அவள் இந்தமுறை கூடவே வந்தாள். வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அவர் பழக்கத்துக்கு ஆறு சிலிண்டரை வாங்கிவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. என்ஜினு வெளிய விடுற புகை வேகத்துல ஒரு காத்தாடி சுத்தும். அது வெளிக்காத்த அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளும். சின்ன என்ஜினு பெரிய மூச்சு இழுக்கும். அம்புட்டுத்தான். ஆனா அது சுத்துற வேகம் நம்ம கணக்குல அடங்காது. ஏத்தத்துல பழுக்கக் காஞ்சிரும், என்ஜினு ஆயிலு ஓடுனாத்தான் தணியும். அதனாலதான் மூணு பேர்ட்டயும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஏறி முடிச்சு வண்டிய நிப்பாட்டுனா, உடனே சாவியத் திருப்பாதீக, ரெண்டு நிமிசம் சும்மா ஓடவிட்டு ஆஃப் பண்ணுங்கன்னு."

"செய்யலையாக்கும்?"

"செஞ்சாகளே! எஸ்டேட்டுல சசிதரனே சொன்னாரு. ரெண்டு இல்ல, அஞ்சு நிமிசம் ஓடவிட்டுத்தான் ஆஃப் பண்றாகன்னு. வழியில எங்கயாச்சும் நிப்பாட்டுனீகளான்னு ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக் கேட்டேன். எங்கயும் நிப்பாட்டலேன்னு சத்தியம் பண்றாக. அப்பறம் மலைக்கு ஆகலைன்னு சொல்லாம வேற என்னத்தச் சொல்ல?"

"ஸ்டான்லி அண்ணாச்சி வண்டி ஆறு வருசம் ஓடிருக்கே?"

"அது அவரு ராசி."

சின்னக்கருப்பு அந்த மூன்று ஆணிகளையும் இன்னொருமுறை பார்த்துக்கொண்டார். எட்டு மாதத்தில் வண்டி படுத்தால் எஸ்டேட் வேலை போகும். இன்னொரு வண்டி வாங்க வழி கிடையாது. பிறகு பலவேசத்தின் சீட்டுதான்.

ஆறு சிலிண்டரை ஓட்டிப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சசிதரன் அன்றைய அரிசி லோடைக் கொடுத்திருந்தார். வெற்றுவண்டியை ஓட்டிப் பார்த்து மலைவண்டி வாங்குகிறவன் முட்டாள் என்பது சின்னக்கருப்பின் கருத்து.

அடிவாரத்திலிருந்து நாலாவது வளைவு வரைக்கும் அவர் விசிலடித்துக்கொண்டு ஓட்டினார். ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் போதும், எந்த கியரிலும் வண்டி முனகாமல் இழுத்தது. சிக்கல் வளைவுகளில்தான். வண்டி நீளம். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் ஒருதரம் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி ஒடிக்க வேண்டியிருந்தது. பின்னால் வரும்போது பள்ளத்தின் பக்கம் உட்கார்ந்திருந்த மலையம்மாள் தன் காலால் இல்லாத பிரேக்கை மிதித்தாள். ஒன்பதாவது வளைவு தாண்டியதும் என்ஜினுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. உயரத்தில் காற்று லேசு. டர்போ இல்லாத என்ஜினுக்குக் கிடைத்ததுதான் மூச்சு. கரும்புகை பின்னால் சேலைத்தலைப்பு மாதிரி வந்தது.

"இது புகையுதே?" என்றாள்.

"எல்லாம் புகையும்."

"நம்ம பழசு இம்புட்டுப் புகையல."

"நீ எப்ப அதுல ஏறுன?"

"ஏறணுமா? ஏழு வருசமா ஒங்க பனியனத் தொவைக்கிறேன்ல."

பதினோராவது வளைவில் கருப்பன் கோயில். கோயில் என்றால் ஒரு மரம், ஒரு மேடை, நாலைந்து அரிவாள், கொத்துக்கொத்தாய் மணி. ஏறுகிற வண்டி எதுவும் அங்கே நிற்காமல் போகாது. வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். சாமி முன்னால் என்ஜின் உறுமிக்கொண்டு நிற்கக்கூடாது. பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் சுருளிதான் பூசாரியும். பெண்கள் அங்கே இறங்குவதில்லை. வண்டியிலேயே இருந்து கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

சின்னக்கருப்பு சாவியைத் திருப்பினார். சட்டென்று மலை முழுக்கச் சத்தமில்லாமல் போனது. இறங்கிச் செருப்பைக் கழற்றிக் கைகால் கழுவி, சுருளியிடம் சூடம் வாங்கிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். இந்த இடத்தில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் இங்கே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தபோது அடுத்த வளைவில் பாறை சரிந்து ரோட்டில் விழுந்தது. நிற்காமல் போயிருந்தால் அந்தப் பாறைக்கு அடியில் அவர்.

அன்று வீட்டுக்கு வரும்போது எட்டரை. வளைவு வளைவாய்ப் பின்னால் வந்து போனதில் ஒன்றரை மணி நேரம் கூடுதல். டீசலும் குடித்திருந்தது. ஆனாலும் அவர் முகம் தெளிவாக இருந்தது.

"இழுவைன்னா இதான் இழுவை" என்றார்.

"ஏழரைக்குத் திங்க வேண்டிய சோறு" என்று மலையம்மாள் காலையில் ஆக்கிவைத்துப் போன ஆறிய சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்தினாள். "தெரிஞ்ச பேயி நல்ல பேயின்னு வாங்குறதா இருந்தா வாங்குங்க. நான் இன்னொண்ணையும் ஏறிப் பாத்துட்டுத்தான் பேசுவேன்."

வெள்ளிக்கிழமை டர்போ. ஸ்டான்லி அண்ணாச்சியும் வந்தார். வண்டியை விற்பதில் அவருக்கு அவ்வளவு இஷ்டமில்லை என்பது அவர் கதவைத் திறந்த விதத்திலேயே தெரிந்தது. சின்னக்கருப்பு ஓட்ட, அண்ணாச்சி நடுவில் காலை நீட்டிக்கொண்டு உட்கார, மலையம்மாள் ஜன்னலோரம்.

அதே அரிசி, அதே மூட்டைக் கணக்கு. முதல் வளைவில் சின்னக்கருப்பு ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு நொடி ஒன்றும் செய்யவில்லை. பிறகுதான் இழுத்தது.

"யோசிக்குதே அண்ணாச்சி!"

"யோசிக்கத்தான் செய்யும். வளைவுக்கு முன்னாலயே கியரக் கொறைச்சு, மிதிச்சுட்டே ஒடிக்கணும். நீங்க மிதிச்சதும் ஓடுறதுக்கு அது என்ன கடைப்பையனா?"

மூன்றாவது வளைவுக்குள் சின்னக்கருப்புக்கு அது பிடிபட்டுவிட்டது. வண்டி கட்டை என்பதால் ஒரே ஒடிப்பில் திரும்பியது. ஒன்பதாவது வளைவுக்கு மேலே, அந்த ஆறு சிலிண்டர் திணறிய இடத்தில், இது அடிவாரத்தில் இழுத்ததுபோலவே இழுத்தது. அவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மலையம்மாள் அவர் சொல்லாததைக் கவனித்தாள்.

கருப்பன் வளைவு வந்தது. சின்னக்கருப்பு ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி, இறங்கிப் போய்விட்டார்.

"நான் இங்கன நிக்கிறதில்ல" என்றார் ஸ்டான்லி. "ஒரு ஹாரன் அடிச்சுட்டுப் போயிருவேன். அவரு ஏரியா, மரியாதைக்குச் சொல்லிட்டுப் போகணும்ல."

மலையம்மாள் கும்பிட எடுத்த கை அப்படியே நின்றது. கால்களுக்குக் கீழே என்னவோ சத்தம். என்ஜின் நின்றுவிட்டது. ஆனால் அடியில் எங்கேயோ குக்கர் விசில் அடங்குவதுபோல மெல்லிய ஒரு ஊதல் இறங்கி இறங்கி வந்து நின்றது. அதன்பிறகு காய்ந்த இரும்பின் டிக், டிக்.

"அண்ணாச்சி, கேட்டுச்சா?"

"என்னது?"

"ஆஃப் பண்ணுன பெறகும் உள்ள ஒண்ணு சுத்துச்சு."

"நான் மேல கடையில நிப்பாட்டி, ஆளுக பாதிச் சாமான எறக்குற வரைக்கும் வண்டிய ஓடவிட்டுட்டுத்தான் இருப்பேன். எங்க அப்பாரு காலத்துப் பழக்கம். செல்ஃப் எடுக்காதுன்னு பயம். அதனால இந்தச் சத்தமெல்லாம் கேட்டதில்ல."

இறங்கும்போது சின்னக்கருப்புக்கு ஒரு குறை தெரிந்தது. பெரிய என்ஜின் இறக்கத்தில் கியரில் போட்டாலே வண்டியைப் பிடித்து நிறுத்தும். இது அவ்வளவு பிடிக்கவில்லை. ஒரு கியர் குறைத்து, புகையை அடைத்து வேகத்தைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கை விடாமல் போட்டு வரவேண்டியிருந்தது. ஆனாலும் ஆறே முக்காலுக்கெல்லாம் அனுமந்தன்பட்டி.

மறுநாள் காலையிலேயே மலையம்மாள் அவரைப் பட்டறைக்குக் கிளப்பிக்கொண்டு போனாள். வைகுண்டராஜ் ஒரு கியர்பாக்ஸுக்குள் பாதி உடம்போடு இருந்தார்.

"அண்ணே, என்ஜின் நின்ன பெறகும் சுத்துறது எது?"

வைகுண்டராஜ் வெளியே வந்தார். "அதான் டர்போ. என்ஜினு நிக்கிற வேகத்துல அது நிக்காது."

"அப்ப அதுக்கு ஆயிலு?"

"என்ஜினு நின்னா ஆயிலு ஏது? வறட்டு ஓட்டந்தான். சூட்டோட சூடா உள்ள கெடக்குற ஆயிலும் கரியாப் போயிரும். அதனாலதான ரெண்டு நிமிசம் ஓடவிடச் சொல்றது. நீ எங்க இத..."

"கருப்பன் கோயில்ல. இவக ஆஃப் பண்ணிட்டு எறங்கிப் போயிட்டாக. நான் உள்ள இருந்தேன். ஸ்டான்லி அண்ணாச்சி அங்கன நிக்கிறதே இல்லையாம், ஹாரன் மட்டும் அடிச்சுட்டுப் போயிருவாராம். ஆனா முத்துராஜா அண்ணன் அங்கன நிப்பாட்டுவாகதான?"

வைகுண்டராஜ் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"முத்துராஜா, ஒன் டர்போ போச்சுல்ல, அப்ப வழியில எங்கயும் நிப்பாட்டலேன்னு சொன்னேல்ல?"

"ஆமாண்ணே. நேரா எஸ்டேட்டு. ஏன்?"

"கருப்பன் கோயில்ல?"

"அங்கன நிக்காம எப்படிப் போறது?"

"ஆஃப் பண்ணியா?"

"சாமி முன்னாலண்ணே! ஆஃப் பண்ணாம?"

"அடப் பாவி மனுசா, நிப்பாட்டலேன்னு சொன்னேல!"

 முத்துராஜாவின் குரல் உண்மையான வருத்தத்தோடு வந்தது. "ஏண்ணே, அது நிப்பாட்டுறதா? அது கும்பிடுறதுல்ல?"

வைகுண்டராஜ் போனை அணைத்துவிட்டு மூன்று ஆணிகளையும் பார்த்தார். டீ குடிக்க நின்றால் அது நிப்பாட்டுவது. டயர் பார்க்க நின்றால் நிப்பாட்டுவது. கருப்பனிடம் நிற்பதை யாரும் நிற்பதாகவே நினைக்கவில்லை. பதினோரு வளைவு ஏறிப் பழுத்துக்கிடந்த மூன்று டர்போக்களையும் அங்கே தினமும் சட்டென்று அணைத்திருக்கிறார்கள். பிறகு மேலே எஸ்டேட்டில் ஐந்து நிமிடம் பத்திரமாக ஓடவிட்டிருக்கிறார்கள்.

"ராசி இல்ல" என்றார் வைகுண்டராஜ். "அண்ணாச்சி ஹாரன் அடிச்சுட்டுப் போன ஆளு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மலையம்மாள் பேசிக்கொண்டே வந்தாள். சின்னக்கருப்பு வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து, "அப்ப ஆறு சிலிண்டரே வாங்கிருவோம்" என்றார்.

"என்னது?"

"டர்போன்னா கருப்பன் முன்னால ஓடவிட்டுட்டு நிக்கணும். இல்லேன்னா ஹாரன் அடிச்சுட்டுப் போகணும். ரெண்டும் என்னால முடியாது. எம் பேரே அவரு பேரு."

 சாமியை விட்டுவிடுங்கள் என்று மலையம்மாளும் சொல்லமாட்டாள். அந்தப் பாறை விழுந்த அன்று இரவு அவர் சாப்பிடாமல் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் அந்த நீள வண்டி, வளைவுக்கு வளைவு பள்ளத்தைப் பார்த்துப் பின்னால் வருவது, எட்டரை மணிச் சோறு, அடுத்த எஃப்.சி.யில் பிரேக் இன்ஸ்பெக்டரின் டார்ச், அதற்குப்பிறகு ஏசி கேபின். இதுவும் அவளுக்கு வரிசையாகத் தெரிந்தது.

கூட்டிப் பெருக்கி, பாத்திரம் கழுவி, அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்து அவள் கேட்டாள்.

"ஏங்க, அங்கன போயி வண்டிய ஓரங்கட்டுனதுல இருந்து திரும்ப ஏறுற வரைக்கும் எம்புட்டு நேரம் ஆகும்?"

"நாலு நிமிசம், அஞ்சு நிமிசம்."

"அதுல கும்பிடுறது?"

அவர் யோசித்தார். "ஒரு நிமிசம் இருக்கும்."

"மிச்ச நாலு நிமிசம் என்ன பண்றீக?"

"எறங்கணும். செருப்பக் கழட்டணும். கைகாலு கழுவணும். சுருளிட்ட சூடம் வாங்கணும், அவன் சில்லறை இல்லேம்பான்..."

"அதுவரைக்கும் ஓடட்டும். சில்லறைய இங்கன இருந்தே கொண்டுபோங்க. ஏறும்போதே செருப்பக் கழட்டி வைங்க. சூடம் நம்ம வீட்டுல இல்லாததா? அங்கன போயி ஓரங்கட்டிட்டு, சீட்டுலயே ரெண்டு நிமிசம் உக்காந்திருங்க. பாட்டில் தண்ணியில கையக் கழுவுங்க. அப்பறம் ஆஃப் பண்ணிட்டு எறங்கிப் போய்க் கும்பிடுங்க. கும்பிடும்போது வண்டி சத்தம் போடாம நின்னாச் சரிதான? அதுக்கு முன்னால ஓடுறது அவருக்கு என்ன? ஏறி வர்ற வண்டி பூராம் உறுமிக்கிட்டுத்தான வருது?"

சின்னக்கருப்பு ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "சுருளிட்டக் கேக்கணும்" என்றார்.

சுருளியிடம் கேட்க மலையம்மாளும் போனாள். அண்ணாச்சியின் வண்டியில்தான் போனார்கள். அவள் இறங்கமுடியாது என்பதால் கேபின் ஜன்னலிலிருந்தே பேசினாள். சுருளி கீழே நின்று அண்ணாந்து கேட்டுக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல ஆத்தா" என்றார் சுருளி. "ஆனா ஓடுற வண்டி ரெண்டு நிமிசம் இங்கன நின்னா, புகை பூராம் மேடையில அடிக்கும். போன மாசந்தான் சாமிக்குப் பெயிண்டு அடிச்சிருக்கு."

"கோயிலத் தாண்டி நிப்பாட்டுனா?"

"எம்புட்டுத் தூரம்?"

"நீங்களே சொல்லுங்க."

சுருளி டீக்கடையைத் தாண்டி நடந்து போனார். கை நீட்டிக் காற்றுப் பார்த்தார். வெற்றிலை போட்டுத் துப்பினார். ஒரு மைல்கல்லுக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டினார். "இங்கன. புகை பள்ளத்துக்குப் போயிரும். சாமியத் தாண்டிப்போயி நிக்கிறானேன்னு எவனாச்சும் கேட்டா, நான் பேசிக்கிறேன்."

ஒண்ணாந்தேதி எஸ்டேட்டில் நின்றது டர்போ வண்டி. சசிதரன் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது ஸ்டான்லி சாரோட வண்டியல்லே? டர்போ மலைக்கு ஆகாதுன்னு வைகுண்டராஜ் சொல்லுமே?" என்றார். "இப்பச் சொல்றதில்ல" என்றார் சின்னக்கருப்பு.

பலவேசத்துக்கு மலையம்மாள்தான் போன் செய்தாள். "அண்ணே, சீட்டுக்கு வேற ஆளு பாத்துக்கங்க. இவகளுக்கு ஏசி ஒத்துக்காது."

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் சின்னக்கருப்பின் கை தப்பு செய்தது. கருப்பன் வளைவில், மைல்கல்லுக்குப் பக்கத்தில் ஓரங்கட்டியதும், இருபத்தேழு வருடப் பழக்கத்தில் சாவியைத் திருப்பிவிட்டது. அந்த ஊதல் இறங்கத் தொடங்கியது. அவர் உடனே மறுபடி ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் அல்ல, ஆறு நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு அணைத்துவிட்டு இறங்கிப் போய் இரண்டு சூடம் கொளுத்தினார். ஒன்று வழக்கமானது. இன்னொன்றை எதற்கென்று சுருளி கேட்டபோது, "டர்போவுக்கு" என்றார். அன்றைக்கே வீட்டுக்கு வந்ததும் ஒரு சிவப்பு நூலை எடுத்துச் சாவியில் கட்டிக்கொண்டார். விரலில் நூல் பட்டால் நினைவு வரும்.

முத்துராஜா மறுபடி டர்போ போட்டுவிட்டார். மைல்கல்லுக்கு முன்னும் பின்னும் இப்போது காலையில் இரண்டு மூன்று வண்டிகள் ஓடிக்கொண்டு நிற்கும். டிரைவர்கள் உள்ளேயே உட்கார்ந்து கைகழுவிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் சுருளி ஜன்னல் ஜன்னலாக டீ கொண்டுபோய்க் கொடுத்து விற்கிறார். வைகுண்டராஜ் சுவரில் நாலாவது ஆணி எதுவும் அடிக்கவில்லை.

வண்டி வாங்கிப் பதினாலு மாதம் ஆகிறது. மாலையில் வீட்டு வாசலில் நிறுத்தும்போதும் சின்னக்கருப்பு என்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிடுகிறார். மலையிலிருந்து இறங்கி, தரையில் மெதுவாக வந்த வண்டிக்கு அது தேவையில்லை என்று வைகுண்டராஜ் சொல்லிவிட்டார். எதிர்வீட்டுக்காரரும் சத்தத்துக்கு ஒருதரம் சண்டைக்கு வந்தார். சின்னக்கருப்பு விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தார். மலையம்மாள்தான் விடவில்லை.

வண்டிச் சத்தம் வாசலுக்கு வந்ததும் அவள் அடுப்பைப் பற்றவைத்துக் குழம்பைச் சூடு பண்ணுவாள். குளிக்கத் தண்ணீர் எடுத்து வைப்பாள். குழம்பு ஒரு கொதி வரும்போது சரியாக என்ஜின் நிற்கும்.

"அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றாள் எதிர்வீட்டுக்காரரிடம். "எனக்கும் ரெண்டு நிமிசம் வேணும்."